ஆறாம் தட்டு, ஒன்பதாம் குழி

கல்லறைத் திருநாள் முடிந்து மூன்றாவது வாரம் பங்கு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் ஸ்டெல்லா டீச்சர். நான் ஓய்வு பெற்ற பிறகு பதிவேடுகளை அவர்தான் பார்க்கிறார். கல்லறைப் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். ஒவ்வொரு கல்லறையையும் செல்போனில் படம் எடுத்துப் பெயரோடு சேர்க்கிற வேலை. எல்லாம் ஒழுங்காக வந்துகொண்டிருந்ததாம், ஆறாம் தட்டு ஒன்பதாம் குழியில் வந்து நின்றுவிட்டார்களாம். அங்கே சிலுவை இல்லை. பதிவேட்டில் ஒரு பெயரைச் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் "யாருக்கும் கொடுக்க வேண்டாம்" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. "காலின்னு போட்டுரட்டுமா சார்?" என்று கேட்டார்.

போட வேண்டாம் என்றேன். ஏன் என்றதற்குப் போனில் சொல்ல வாய் வரவில்லை. இப்போதைய பங்குச்சாமி அதைக் கேள்விப்பட்டு, ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள், எங்களுக்கும் தெரிந்த மாதிரி இருக்கும் என்று சொல்லி அனுப்பினார். முப்பத்தோரு வருடம் உபதேசியாராக இருந்தவன் எழுதினால் பக்திக் கட்டுரையாக இருக்கும் என்று நினைத்திருப்பார். இது அப்படி வராது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உபதேசியார் என்றால் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுப்பவர் என்றுதான் வெளியே நினைப்பு. கொடைக்கானல் மாதிரி ஊரில் அந்த வேலை ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தோடு முடிந்துவிடும். மற்ற ஆறு நாளும் கோயில் என்ற கட்டடத்தோடுதான் மல்லுக்கட்டு. நான் சேர்ந்த முதல் இரண்டு வருடம் பாதி ஏணியில்தான் போனது. தகரக் கூரையில் பாசி பிடிக்கும், மழைத்தண்ணீர் போகும் காடியில் யூகலிப்டஸ் இலை அடைக்கும், மணிக்கூண்டுப் படிக்கட்டு இற்றுப்போகும். பூசைக் கருத்துச் சீட்டு, ஞானஸ்நானச் சான்றிதழ், உண்டியல் எண்ணிக்கை, பங்குப் பேரவையில் நடக்கிற சண்டைக்கு மினிட்ஸ், எல்லாம் என் தலையில்தான். கல்லறைத் தோட்டமும் அதில் ஒன்று.

எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர் இன்னாசி சாமி. அப்போது அவர்தான் பங்குச்சாமி, திண்டுக்கல் பக்கத்து ஆள். வெள்ளை அங்கிக்குக் கீழே முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் போட்டிருப்பார், பூசை நேரம் தவிர அதைக் கழற்றிப் பார்த்ததில்லை. அதிகம் பேச மாட்டார். திட்டவும் மாட்டார், அதுதான் பயம். எதைப் போய்ச் சொன்னாலும் அவரிடமிருந்து வருவது ஒரே கேள்வி. "பாத்து சொல்றியா, கேட்டு சொல்றியா?" கூரை ஒழுகுகிறது என்றால் அது. இன்னார் இறந்துவிட்டார் என்றாலும் அது. கேட்டுச் சொல்கிறேன் என்றால் மேசையில் இருக்கும் பேனாவைத் தொடமாட்டார், எழுந்து பூட்ஸோடு கிளம்பிவிடுவார். அடக்கம் முடிந்தால் குழிக்குப் பக்கத்தில் நின்றே பதிவேட்டில் எழுத வேண்டும். பதிவேடு நனையுமே என்றேன் ஒருமுறை. குடையை என் கையிலிருந்து வாங்கிப் பதிவேட்டுக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்தார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

எங்கள் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்காதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். அது ஒரு மலைச்சரிவு. சரிவை வெட்டி, காரட் தோட்டத்துக்கு வெட்டுகிற மாதிரி ஏழு தட்டுகள் எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தட்டிலும் கிழக்கேயிருந்து வரிசையாகக் குழிகள். வசதியுள்ளவர்கள் சிமெண்டில் கட்டிவிடுவார்கள். கூலிக்குப் போகிறவர்களுக்கு மரச்சிலுவைதான், அது நாலைந்து மழைக்கு மேல் தாங்காது. ஆகவே, யார் எங்கே கிடக்கிறார் என்பதற்குப் பதிவேடுதான் சாட்சி.

முதலில் தோட்டத்துக்கு வாசல் கீழே இருந்தது. அதனால் தட்டுகளைக் கீழேயிருந்து எண்ணுவோம். இன்னாசி சாமி மாற்றலாகிப் போன வருடம் ஐப்பசி மழை விடாமல் அடித்து, கீழ்ச்சரிவு அப்படியே இறங்கி வாசலை மூடிவிட்டது. மேல்ரோட்டுப் பக்கம் சுவரை உடைத்துப் புது வாசல் வைத்தார்கள். அந்த மழையில்தான் சந்தியாகு இறந்தார்.

சந்தியாகுவும் அவர் மனைவி மிக்கேலம்மாவும் சிலோன்காரர்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒப்பந்தத்தில் திரும்பி வந்து, இங்கே ஒரு காய்கறித் தோட்டத்தில் கூலிக்கு இருந்தவர்கள். ராத்திரி வீட்டுச் சுவர் சரிந்து அவர்மேல் விழுந்தது. அந்த அம்மாவுக்கு இடுப்பும் காலும் முறிந்து மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மகன் பீட்டருக்கு அப்போது மூன்று வயது. சந்தியாகுவை அவருடைய அண்ணனும் நாலு பேரும் சேர்ந்து அடக்கம் செய்தார்கள். கொஞ்ச நாளில் அந்த அண்ணன் குடும்பத்தோடு கோத்தகிரிப் பக்கம் போய்விட்டார்.

நான் அந்த அடக்கத்தில் இல்லை. மஞ்சள்காமாலை வந்து கன்னிவாடியில் மாமனார் வீட்டில் பத்தியத்தில் கிடந்தேன். அந்த ஒரு மாதத்தில் ஐந்து அடக்கம் நடந்திருக்கிறது. குழிவெட்டி ஞானப்பிரகாசம் ஒவ்வொன்றுக்கும் பீடிக்கட்டுத் தாளின் பின்பக்கம் பெயரும் இடமும் எழுதி அலுவலக மேசை டிராயரில் போட்டிருந்தார். நான் திரும்பி வருவதற்குள் அவர் திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

வந்ததும் வராததுமாக எனக்கு ஒரு வேலை காத்திருந்தது. ஆயர் பங்கு விசாரணைக்கு வருகிறார், பழைய பதிவேடு ஈரத்தில் ஊறிப்போயிருக்கிறது, வாசலும் மாறிவிட்டது, ஆகவே தட்டுகளை மேலேயிருந்து எண்ணிப் புதுப் பதிவேடு எழுதிவிடு என்றார் புதிதாக வந்திருந்த சாமி. ஒரு வாரத்தில் வேண்டுமாம். குளிருக்குக் கால்களைச் சாக்குக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பழைய ஏழாம் தட்டு இனி ஒன்று, பழைய இரண்டாம் தட்டு இனி ஆறு. கை அதுபாட்டுக்கு மாற்றிக்கொண்டே போனது. பீடித்தாள்களையும் அதே ஓட்டத்தில் மாற்றினேன். "சந்தியாகு, தட்டு இரண்டு, குழி ஒன்பது" என்று தாளில் இருந்தது. புதுப் பதிவேட்டில் தட்டு ஆறு, குழி ஒன்பது என்று எழுதினேன். பார்த்து எழுதவில்லை. மேலே தோட்டத்துக்குப் போய்வரக் கால் மணி நேரம்தான் ஆகும். மழை பெய்தது, நான் போகவில்லை.

மண்சரிவில் சாய்ந்த மரச்சிலுவைகளுக்குப் பதிலாகப் புதுச் சிலுவைகள் செய்து, அந்தப் பதிவேட்டைப் பார்த்தே நட வைத்தேன்.

ஏழு மாதம் கழித்து மிக்கேலம்மா ஒரு கைக்கம்போடு வந்து, வீட்டுக்காரரைக் காட்டச் சொன்னார். தூறிக்கொண்டிருந்தது. நானே குடை பிடித்துக் கூட்டிப்போய் ஆறாம் தட்டு ஒன்பதாம் குழிக்கு முன்னால் நிறுத்தினேன். சந்தியாகு என்று கறுப்புப் பெயின்டில் எழுதிய சிலுவை. அந்த அம்மா அழவில்லை. சிலுவையைத் தொட்டுப் பார்த்தார், பிறகு கீழே மண்ணைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த நவம்பரில் ஆரம்பித்தது. கல்லறைத் திருநாளில் சாமி தட்டுத்தட்டாக வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போவார். ஜனங்கள் பூப்போட்டு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். மிக்கேலம்மா ஆறாம் தட்டில் ஏற்றிவிட்டு, கம்பை ஊன்றி அத்தனை படியும் ஏறி இரண்டாம் தட்டுக்குப் போய், வெறும் புல்லில் இன்னொன்று ஏற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். பனிமூட்டம் இறங்கி ஆட்களை மறைத்துவிட்டது. தோட்டத்தைப் பூட்டுவதற்காக அவரைக் கூப்பிடப் போனேன். யாரிடமோ தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். நடுநடுவே நிறுத்தினார். எதிரே ஆள் இருந்து பதில் சொன்னால் நாம் எவ்வளவு நேரம் நிறுத்துவோமோ, அவ்வளவு நேரம்.

நான் வந்ததைப் பார்த்ததும் எழுந்தார். "உபதேசியாரே, குத்தமா எடுத்துக்காதீங்க. நீங்க காட்டுன எடத்துல அவரு இல்லீங்க. இங்கனதான் இருக்காரு" என்றார்.

பதிவேட்டில் அப்படி இல்லை என்றேன். அந்த அம்மா மறுக்கவில்லை. "கீழ ஏத்துன மெழுகுவத்தி அடிவரைக்கும் நின்னு எரியுது, போய்ப் பாருங்க. வாங்கிக்க ஆள் இல்ல. இங்க ஏத்துனா ஒடனே அணைஞ்சிருது. அவரு வாங்கிக்கிறாரு. வெளங்குதுங்களா?" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. என் கையெழுத்தை ஒரு பைத்தியம் குறை சொல்கிறது என்றே நினைத்தேன். மேல்தட்டில் காற்று அடிக்கும், அணையும். கீழ்த்தட்டுக்குப் பின்னால் கரை இருக்கிறது, எரியும். இதில் என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். ஆனாலும் பூட்டுவதற்கு முன்னால் ஆறாம் தட்டு வரை இறங்கிப் போய்ப் பார்த்தேன். சுற்றிலும் எல்லாம் ஈரத்தில் பாதியில் நின்றிருக்க, அது ஒன்று மட்டும் ஆடாமல் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. மறு வருடமும் அப்படித்தான். அடுத்த வருடமும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதிவேட்டின்படி இரண்டாம் தட்டு ஒன்பதாம் குழி காலி. மூன்று தடவை நான் அதை வேறு ஆட்களுக்கு ஒதுக்கினேன். முதல் தடவை, சொந்த ஊரில்தான் அடக்கம் என்று கடைசி நேரத்தில் உறவினர்கள் கூடி உடலைக் கீழே கொண்டுபோய்விட்டார்கள். இரண்டாம் தடவை, சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு வந்த இடத்தில் காலையில் ஒரு வேலமரம் விழுந்து கிடந்தது, பக்கத்துக் குழியைக் கொடுத்தோம். மூன்றாம் தடவை, கூக்கால் கிராமத்துக்காரர் ஒருவருக்கு. ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மண்வெட்டியை எடுப்பதற்குள் ஆள் வந்தது, மூச்சு இருக்கிறதாம், வெட்ட வேண்டாமாம். அவர் அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுக்கும் காரணம் இருக்கிறது. நான் தனித்தனியாகவே பார்த்துக்கொண்டேன்.

இப்படிப் பத்தொன்பது வருடம் போனது. இன்னாசி சாமி தலை முழுக்க நரைத்து, அதே மாதிரி பூட்ஸோடு, இரண்டாம் முறையாக எங்கள் பங்குக்கே மாற்றலாகி வந்திருந்தார். மிக்கேலம்மா மூச்சிரைப்பு வந்து படுத்துவிட்டார். எண்ணெய் பூசி மந்திரிக்கிற நோயில்பூசுதல் கொடுக்கச் சாமியோடு நானும் போனேன். டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிற பீட்டர் அன்று சவாரி போயிருந்தான். சாமி முடித்து வெளியே போனதும் அந்த அம்மா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னைய அந்தச் சிலுவைக்கிட்ட போட்டுறாதீங்க. நான் ஒக்காருற எடத்துல போடுங்க. ஒத்தையில கெடக்க எனக்குப் பயமா இருக்கு. வேற ஒண்ணும் கேக்கல."

ஆகட்டும் என்றேன். சாகக் கிடக்கிறவர்களிடம் வேறென்ன சொல்வது என்றுதான் சொன்னேன். அதைச் செய்கிற எண்ணம் எனக்குக் கொஞ்சமும் இல்லை.

ஐந்தாம் நாள் இறந்தார். பீட்டர் வந்து, அப்பா குழியிலேயே அம்மாவையும் வைத்துவிடலாமா என்று கேட்டான். அது வழக்கம்தான். பழைய குழியைத் திறந்து, எலும்புகள் கிடைத்தால் வெள்ளைத் துணியில் கட்டிக் கால்மாட்டில் வைத்துவிட்டு, மேலே புதுப் பெட்டியை இறக்குவோம். நான் பதிவேட்டைத் திறந்து பார்த்து, ஆறாம் தட்டு ஒன்பதை வெட்டச் சொன்னேன். இரண்டாம் தட்டைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பகல் இரண்டு மணிக்குப் பூசை. பெட்டி கோயிலுக்குள் வந்துவிட்டது. ஒன்றரை மணிக்குக் குழிவெட்டுகிற முத்து என்னைத் தேடி வந்து, வெளியே கூப்பிட்டார். வெள்ளகவி கிராமத்து ஆள், தைரியசாலி. அன்று முகம் வெளுத்திருந்தது. நீங்களே வந்து பாருங்கள் என்றார்.

போனேன். நாலரை அடி வெட்டியிருந்தார்கள். பெட்டி இல்லை, ஆணி இல்லை, எலும்பு இல்லை. எங்கள் மண்ணில் மேலே ஓரடிக்குக் கறுப்பு, அதற்குக் கீழே மஞ்சள். ஒருமுறை வெட்டி மூடினால் இரண்டும் கலந்துவிடும், அப்புறம் எத்தனை வருடமானாலும் பிரியாது. இந்தக் குழியின் நாலு சுவரிலும் கறுப்பும் மஞ்சளும் கோடு போட்ட மாதிரி தனித்தனியாக இருந்தன. என் தொடை தடிமனில் ஒரு மரவேர் குழிக்குக் குறுக்கே முழுசாக ஓடியிருந்தது.

"சார், இது கை படாத மண்ணு. இதுக்குள்ள எந்தக் காலத்துலயும் ஆள் இருந்ததில்ல" என்றார் முத்து.

பனிமூட்டம் குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சந்தியாகு என்று எழுதிய சிலுவையைப் பிடுங்கி ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். பூட்ஸ் சத்தம் கேட்டது. இன்னாசி சாமி கரையில் வந்து நின்று குழிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாத்து எழுதுனியா, கேட்டு எழுதுனியா?"

அப்போதுதான் எனக்கு ஞானப்பிரகாசம் ஞாபகத்துக்கு வந்தார். கீழ்வாசல் மூடிப்போன மாதத்தில், மேலேயிருந்து இறங்கிப் போய்க் குழி வெட்டிய மனிதர் தட்டை எங்கேயிருந்து எண்ணியிருப்பார்? மேலேயிருந்துதான். அவர் எழுதிய இரண்டு, புது இரண்டு. நான் அதை இன்னொரு முறை மாற்றியிருக்கிறேன். பத்தொன்பது வருடமாகக் கம்பை ஊன்றி அந்த அம்மா ஏறிப்போன இடம். நான் பைத்தியம் என்று நினைத்த இடம்.

கேட்டு எழுதினேன் சாமி என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. நான் முன்னால் நடந்தேன், அவர்கள் பின்னால் வந்தார்கள்.

நாங்கள் வெட்டி முடிக்கட்டும் என்று பூசையைச் சாமி இழுத்துச் சொன்னார். அவ்வளவு நீளமான பிரசங்கத்தை அவர் வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான் சொன்னார். நான் இரண்டாம் தட்டில் நின்றேன். முதல் வெட்டிலேயே மண் கலந்து வந்தது. நாலடியில் இற்றுப்போன பலகை தட்டுப்பட்டது. முத்து மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் துழாவினார். எலும்புகளுக்கு நடுவே துருவேறிய ஒரு வளைந்த கத்தி இருந்தது. எனக்கு அது என்னவென்று தெரியவில்லை.

பூசை முடிந்து பெட்டியோடு வந்தவர்களிடம், தப்பான இடத்தைப் பதிந்தது நான்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். கத்தியைக் காட்டியதும் பீட்டர் கையில் வாங்கி, சட்டை நுனியில் துடைத்தான். கவ்வாத்துக் கத்தியாம். தேயிலைச் செடி வெட்டுவது. சிலோனிலிருந்து அப்பா கொண்டுவந்த கத்தியைப் பெரியப்பா பெட்டிக்குள் வைத்துவிட்டார் என்று அம்மா சொல்லியிருக்கிறாராம். துணியில் கட்டிய எலும்புகளோடு கத்தியையும் கால்மாட்டில் வைத்து, அந்த அம்மாவை மேலே இறக்கினோம். குழிக்குப் பக்கத்தில் நின்றே எழுதினேன். சாமி பதிவேட்டுக்குக் குடை பிடித்தார்.

மறுநாள் மற்ற நாலு பீடித்தாள்களின் குடும்பங்களையும் தேடிப் போனேன். நான்கு குடும்பத்துக்கும் சரியான இடம் தெரிந்திருந்தது. சிலுவையை ஆட்கள் மாற்றி நட்டுவிட்டார்கள் என்று நினைத்து, அவர்களே சத்தமில்லாமல் பிடுங்கிச் சரியான இடத்தில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அடக்கத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். பார்க்காமல் என் வார்த்தையை நம்ப வேண்டியிருந்தவர் மிக்கேலம்மா ஒருவர்தான்.

பீட்டரைப் பார்த்து மன்னிப்புக் கேட்கப் போனேன். வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். வாளியைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னான்.

"நானும் அம்மாவுக்குப் பிரமைன்னுதான் சார் நெனச்சேன். ஒரு தடவ கேட்டேன், அப்பா கீழ இல்லைன்னா அங்க எதுக்கும்மா வருசா வருசம் மெழுகுவத்தி ஏத்துறன்னு. அது அப்பாவுக்கு இல்லடா, உபதேசியாருக்குன்னுச்சு. மழையில கொட புடிச்சுக் கூட்டியாந்து காட்டுன எடம், ஏத்தாமப் போனா அவரு மனசு சங்கடப்படும்னுச்சு."

அவன் நல்லபடியாகத்தான் சொன்னான். யாரும் இல்லாத குழியில், உயிரோடு இருக்கிற எனக்கு, பத்தொன்பது கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி எரிந்திருக்கிறது. வாங்கிக்க ஆள் இல்லாமல், அடிவரைக்கும்.

அன்று சாயங்காலம் அலுவலகத்துக்கு வந்து சந்தியாகுவின் பெயரைச் சிவப்பு மையில் அடித்தேன். யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று எழுதினேன். இன்னாசி சாமி அதைப் படித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கீழே கையெழுத்துப் போட்டார்.

அதிலிருந்து வருடா வருடம் நான் இரண்டு ஏற்றுகிறேன். மேலே, அவர்கள் இருவருக்கும். அது ஏற்றிய கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். பிறகு மெதுவாக இறங்கி வந்து ஆறாம் தட்டு ஒன்பதில் ஒன்று. போன வருடம் வரை அது அடிவரைக்கும் நின்று எரிந்தது. பூட்டுகிற நேரம் வரை இருந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

இந்த வருடம் காற்றே இல்லை. சைப்ரஸ் மரத்தில் ஓர் இலை அசையவில்லை. எட்டாம் குழியில் யாரோ ஏற்றியது நேராக எரிந்துகொண்டிருந்தது. நான் ஏற்றிவிட்டு நிமிர்வதற்குள் என்னுடையது அணைந்தது. திரி ஈரமாக இருக்கும் என்று கிள்ளிவிட்டு இன்னொரு முறை ஏற்றினேன். அதுவும் அணைந்தது. மூன்றாவது முறை ஏற்றவில்லை.

ஆகவே ஸ்டெல்லா டீச்சர், காலி என்று போடாதீர்கள். ஆறாம் தட்டு, ஒன்பதாம் குழிக்கு நேரே என் பெயரை ஏற்றிவிடுங்கள். தேதிக்கு மட்டும் இடம் விட்டு வையுங்கள். இதை நான் யாரிடமும் கேட்டு எழுதவில்லை, பார்த்துத்தான் எழுதுகிறேன்.